டெக் ஏபிள்: சக்கர நாற்காலி வாங்குமுன் பார்க்க வேண்டிய இடம்

சிங்கப்பூரின் லெங்கோக் பாருவில் 2015ல் திறந்த, உடற்குறையுள்ளோருக்கான எனேபிளிங் வில்லேஜ் வளாகத்துக்குள் இருக்கிறது டெக் ஏபிள். எஸ்ஜி எனேபிள், எஸ்பிடி என்ற இரு உதவி அமைப்புகள் சேர்ந்து இதை நடத்துகின்றன. உடற்குறையுள்ளோருக்கான சாதனங்களைத் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம்; ஆலோசனையும் கிடைக்கும். விற்பனையாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாததே பெரிய நிம்மதி. ரெட்ஹில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சக்கர நாற்காலியிலேயே போய்விடலாம்.

ஒரே சிக்கல், அங்கே எல்லாம் சமதரை, அகலமான வாசல். எந்த நாற்காலியும் வழுக்கிக்கொண்டு ஓடும்! வீவக அடுக்குமாடி வீட்டின் குளியலறை வாசலில்தான் அதன் குணம் தெரியும். அதனால் வீட்டை அளந்துகொண்டு போங்கள். கதவை முழுசாகத் திறந்து, இடையில் மிஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும், சட்டத்தை அல்ல. மடிப்புக் கதவென்றால் மடிந்த பலகையே சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். 18 அங்குல இருக்கை என்று எழுதியிருந்தாலும், கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து மொத்த அகலம் 65 செ.மீ. வாக்கில் வரும். விரல் நசுங்காமலிருக்க இரு பக்கமும் கொஞ்சம் இடம் வேண்டும். வாசல் திண்டின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1:12 சரிவு என்றால் 10 செ.மீ. திண்டுக்கு 1.2 மீட்டர் சாய்தளம் தேவை. பல குளியலறைகளில் அதற்கு இடமே இருக்காது.

பார்வைக் குறையுள்ளவருக்கோ பேச்சுக் குறையுள்ளவருக்கோ சாதனம் பார்க்கிறீர்களா? தமிழ்க் குரல் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். கணினித் திரையை வாசிக்கும் என்விடிஏ இலவசம், தமிழும் படிக்கும். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் பழகிவிடும். பேச உதவும் கருவி ஆங்கிலம் மட்டும் பேசினால் வீட்டில் பாட்டியிடம் அது எடுபடாது.

பணத்துக்கு ஏடிஎஃப் என்ற உதவி நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை கொடுப்பார்கள். ஆயுளுக்கு மொத்தம் 40,000 வெள்ளி வரம்பு. முழு உதவி கிடைத்தால் 3,000 வெள்ளி நாற்காலிக்குக் கையிலிருந்து போவது 300. சிகிச்சையாளர் போன்ற தகுதியுள்ள மதிப்பீட்டாளர் பார்த்து, அவர் வழியாகவே விண்ணப்பம் போக வேண்டும். சலுகை விலை என்று அவசரப்பட்டு முதலில் வாங்கிவிட்டு, ரசீதோடு ஓடாதீர்கள். மதிப்பீடு, விலைப்புள்ளி, ஒப்புதல், பிறகுதான் வாங்குவது. பழுதுபார்ப்புக்கும் பழைய சாதனத்தை மாற்றுவதற்கும் இதே நிதியில் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் முதல் சாதனத்திலேயே வரம்பைக் கரைத்துவிடாமல் இருப்பது நல்லது. விலையுயர்ந்த மின் நாற்காலி வாங்குவோருக்கு இது ரொம்பவே பொருந்தும், மின்கலமும் டயரும் தேயத்தானே செய்யும்.

60 வயதைக் கடந்தவர்கள் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசி மூத்தோருக்குத் தரும் எஸ்எம்எஃப் நிதியையும் விசாரித்துப் பார்க்கலாம். போகுமுன் தொலைபேசியில் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்காரப்போகிறவரையே கூட்டிப்போங்கள்.