வீராணமா, அடிபம்பா?

கல்லூரியில் சேர்ந்த வருஷம் அடுத்தடுத்து இரண்டு நாவல்கள் படித்தேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒரே மழைநாளில் முடிந்துவிட்டது.

கல்கியின் நாயகன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவான். அதுதான் வீராணம். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருகிற அதே ஏரி. அவனிடம் நான் கற்றது வாய்ச் சாமர்த்தியம். மாட்டிக்கொண்டாலும் சிரித்துப் பேசி நழுவலாம். ஹாஸ்டல் வார்டனிடம் முயன்றேன், எடுபடவில்லை. கடைசியில் சோழ இளவரசன் அருள்மொழி கைக்கு வந்த மகுடத்தைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுப்பது உயர்ந்த விஷயம்தான். ஆனால் விட்டுக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

'தண்ணீர்' நாவலின் ஜமுனாவிடமும் ஒன்றும் இல்லை. சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்டவள், தண்ணீர் வராத சென்னைத் தெருவில் அடிபம்பு தேடிக் குடத்தோடு அலைகிறாள். சாகலாம் என்றிருந்தவளிடம் டீச்சரம்மா தன் சொந்தக் கதையைச் சொல்கிறாள். அவ்வளவுதான், ஜமுனா மறுபடி குடத்தைத் தூக்குகிறாள். 2019 கோடையில் எங்கள் தெருவில் லாரி வந்தபோது, வரிசையில் என் மஞ்சள் குடத்துக்கு முன்னால் பதினோரு குடங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடத்தையும் நானே தூக்கினேன். நாவல் அப்போது ஞாபகம் வரவில்லை; இரண்டாம் முறை படித்தபோதுதான் வந்தது.

பரீட்சை லீவு என்றால் கல்கியை எடுங்கள், தூக்கம் போகும். அரியர் விழுந்த வாரமென்றால் அசோகமித்திரன். எதைப் படிக்கலாம் என்று தம்பி என்னிடம் கேட்டான், மெல்லிய புத்தகத்தைக் கொடுத்தேன். அவன் இன்னும் பிரிக்கவில்லை.