மூன்று வருடமாகப் போய்வரும் பழைய பப்: அறை அருமை, பகல் பியர் ஆறாத எரிச்சல்

யார்க்‌ஷயர் டேல்ஸில் (வட இங்கிலாந்தின் பள்ளத்தாக்குப் பகுதி) இரண்டு இரவு தங்க இந்த பப் சரிப்படுமா என்று நண்பர் கேட்டார். புதுப்பித்துத் திறந்த நாளிலிருந்து போய்வரும் இடம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டட வேலையில் குறை சொல்ல இடமில்லை. பதினேழாம் நூற்றாண்டுக் குதிரைவண்டிச் சத்திரம், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் உள்ளது. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தியிருக்கிறார்கள். சிமென்ட் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசியதால் மூன்று குளிர்காலம் ஆகியும் கல்சுவரில் ஓதம் இல்லை. சாப்பாடும் நேர்த்தி. மேலே மட்டும் மூடி போட்டு ஒப்பேற்றாமல், அடியிலும் சுற்றிலும் மாவு வைத்துச் சுட்ட முழு பை (pie) கிடைக்கும்.

எரிச்சல் கேஸ்க் ஏலில்தான், அதாவது பீப்பாயிலேயே நொதித்து முதிர்ந்து, கைப்பம்ப்பால் இழுத்து ஊற்றும் பியரில். நிலவறையில் தப்பில்லை: 12 டிகிரி, பீப்பாயைக் கிடத்தி, மர ஆப்பு வழியாக வாயுவை விட்டு, வண்டல் அடங்கித் தெளிந்த பிறகே ஊற்றுகிறார்கள். கோளாறு, கவுண்டரை இடம் மாற்றியதில் வந்தது. நிலவறைக்கு நேர் மேலே இருந்தது இப்போது எட்டு மீட்டர் தள்ளிப் போய்விட்டது. 3/8 அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 70 மில்லி பிடிக்கும். எட்டு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பைண்ட் (568 மில்லி). பம்ப் சிலிண்டரில் இன்னும் அரை பைண்ட். கடை அடைத்ததும் இந்த ஒன்றரை பைண்ட் அங்கேயே தங்கிவிடுகிறது. குழாயைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை உண்டு. ஆனால் அது சிலிண்டருக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடுகிறது, பக்கத்திலேயே கிளாஸ் கழுவும் மெஷின்!

பகல் பன்னிரண்டுக்கு முதல் ஆளாக வாங்கினால், கிளாஸைத் தொட்டதுமே தெரிந்துவிடும், துளிக் குளிர்ச்சி இருக்காது. பம்ப் முனையில் ஸ்பார்க்ளர் என்ற பொடித் துளை மூடி மாட்டியிருப்பதால் நுரை மட்டும் கெட்டியாக நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு வாய் குடித்தால் உள்ளே உயிரே இல்லை.

இத்தனைக்கும் நாலு பம்ப் எதற்கு? ஒரு பம்ப்புக்கு ஒரு ஃபிர்கின் பீப்பாய், 9 கேலன், 72 பைண்ட். திறந்து மூன்று நாளில் விற்றாக வேண்டும் என்றால் பம்ப்புக்கு நாளுக்கு 24, நாலுக்கும் 96. ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை அந்தக் கிராமத்தில் அத்தனை பேர் எங்கே? நாள் தாண்டினால் உள்ளே புகுந்த காற்று வேலையைக் காட்டும், காடி வாடை தட்டும். வாரநாளில் இரண்டு பம்ப் போதும், அல்லது 36 பைண்ட் பிடிக்கும் ‘பின்’ (pin) என்ற சின்னப் பீப்பாய் வாங்கலாம். திறக்குமுன் பம்ப்புக்கு ஒன்றரை பைண்ட் இழுத்துக் கொட்டினால் பகல் தொல்லை தீர்ந்தது. குளிர்நீர் சுற்றும் சிலிண்டர் போட்டால் கொட்டுவதும் குறையும். சொன்னால் முகம் கோணாமல் வேறு கிளாஸ் தருகிறார்கள், அது நல்ல குணம்தான். ஆனால் மறுநாள் பகலும் அதே வெதுவெதுப்பு.

அதனால் நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். அறையும் பையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏலுக்குப் பேர்போன ஊரில் ஏலைக் கவனிக்காத பப்புக்கு ஆள் அனுப்ப மனம் வரவில்லை. ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டால் பின்பக்க அறை கேளுங்கள், முன்பக்கம் இரவு பதினொன்று வரை பேச்சுச் சத்தம் பலகைத் தரை வழியாக ஏறிவரும். ஏலை மாலை ஏழுக்கு மேல் வாங்குங்கள், எந்தப் பீப்பாய் இன்று அல்லது நேற்று திறந்தது என்று கேட்டு அதையே வாங்குங்கள்.