லேன் ஜாக்கே இல்லாத லேப்டாப்புக்கு லேன் ஐசி மாத்தினார்களாம்: 12,300 ரூபாய் போன கதை

கொஞ்சம் நீளமான பதிவு. லேப்டாப்பை டாக்கிங் ஸ்டேஷனில் மாட்டி ராத்திரி முழுக்க ஓட விடுகிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, மதுரையில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, அவ்வளவுதான். பெயர் போட்டால் சண்டை வேறு திசைக்குப் போய்விடும்.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். எடுத்த ஃபுட்டேஜை சென்னையில் ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவுக்கு அனுப்ப வேண்டும், அவர்களே ஒரு அப்லோட் சாஃப்ட்வேர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கல்யாணம், ரெண்டு கேமரா, சுமார் 190 ஜிபி. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், ஒழுங்காகப் போனால் நாலரை மணி நேரத்தில் ஏறிவிடும். பழைய லேப்டாப்பில் நாலைந்து வருஷமாக இதே வேலைதான், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். திரை அணைந்துவிடும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

புது லேப்டாப் வாங்கினேன். மெலிசானது, ரெண்டு யூஎஸ்பி-சி துளை, ஒரு சாதா யூஎஸ்பி, ஹெட்ஃபோன் துளை, அவ்வளவுதான். அதனால் ஒரு டாக்கும் (டாக்கிங் ஸ்டேஷன்) சேர்த்து வாங்கினேன். ஒரே கேபிளில் சார்ஜ், மானிட்டர், கீபோர்டு, லேன் (கேபிள் வழி நெட்) எல்லாம் வந்துவிடும். லேன் ஜாக் டாக்கில்தான் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல்தான் ஏமாந்தேன்.

முதல் ராத்திரி அப்லோட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் நாலு சதவீதத்தில் நிற்கிறது. மவுஸை ஆட்டியதும் திரை வந்தது, நெட் வந்தது, அப்லோடும் மெதுவாக ஓட ஆரம்பித்தது. சரி, லைன் போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் நாலு. அதற்கு மறுநாளும் நாலு. ஸ்டூடியோக்காரர் ஃபோன் மேல் ஃபோன், பெண் வீட்டுக்காரர்கள் அவரை நச்சரிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் ஹார்ட் டிஸ்க்கை ஆம்னி பஸ் பார்சலில் போட்டு அனுப்பினேன். அந்த மாதத்தில் ரெண்டு தடவை அப்படி அனுப்பினேன்.

அப்புறம்தான் அந்தக் கடைக்குப் போனேன். லேப்டாப்பையும் டாக்கையும் வாங்கி, புரட்டிப் பார்த்து, ரெண்டு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்துவிட்டு, "சார், போர்டுல லேன் ஐசி வீக் ஆயிடுச்சு, சூடானதும் டிராப் ஆகுது, மாத்திடலாம்" என்றார் கடைக்காரர். ஐசி என்றால் போர்டில் இருக்கிற சில்லு. 3,800 ரூபாய். மூணு நாள் வேண்டும் என்றார். வாரண்டி இருக்கிறதே என்று கேட்டேன். கம்பெனி சர்வீஸுக்குக் கொடுத்தால் டேட்டாவை எல்லாம் அழித்துவிடுவார்கள், இருபது நாள் ஆகும், உங்களுக்கு முகூர்த்த சீசன் என்று பயம் காட்டினார். எனக்கும் அந்த நேரத்தில் பயம்தான் இருந்தது, புத்தி இல்லை.

மூணாம் நாள் போனேன். "ரெண்டு நாள் ராத்திரி பகலா டெஸ்ட்டுல ஓட விட்டோம் சார், ஒரு டிராப் இல்லை" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே டாக்கில் மாட்டி யூட்யூபில் ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், டீ கூட வாங்கிக் கொடுத்தார். நெட் ஒரு தடவை கூட அறுந்துபோகவில்லை. போகவும் போகாது, ஏனென்றால் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ் திரையையே அணைக்காது. இது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதில் எனக்கு இன்னமும் ரெண்டு மனசுதான்.

பில் கேட்டேன். ஒரு சின்னச் சிட்டையில் 'லேன் சர்வீஸ் 3800' என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கடை முத்திரை கூட இல்லை. பணம் மட்டும் யூபிஐயில் போட்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது, பின்னால் உதவியது.

அன்று ராத்திரி மறுபடியும் நாலு சதவீதம்.

திரும்பப் போனேன். இந்தத் தடவை டாக் கோளாறாம். "போர்டு சரி ஆயிடுச்சு சார், இப்ப டாக்தான் இழுக்குது" என்று சொல்லி, 'தண்டர்போல்ட் டாக்' (சாதா யூஎஸ்பி-சியை விட வேகமான இணைப்பு) என்று ஒன்றை எடுத்து வைத்தார். 9,200. பழைய டாக்கை 700-க்கு எடுத்துக்கொண்டார். வாங்கி ரெண்டு மாதம் கூட ஆகாத டாக். கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால் தண்டர்போல்ட் என்ற வார்த்தையும் இல்லை, துளைக்குப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டிய மின்னல் குறியும் இல்லை. சாதா யூஎஸ்பி-சி டாக். அப்படியே தண்டர்போல்ட்டாக இருந்தாலும் என் லேப்டாப்பில் அந்தத் துளை கிடையாது.

ராத்திரி? வேறென்ன, நாலு.

மூணாவது தடவை ஃபோனில் கேட்டபோது "அப்ப மதர்போர்டுதான் சார், 22,000 ஆகும், கொண்டாங்க" என்றார். கொண்டு போயிருப்பேன், சத்தியமாகக் கொண்டு போயிருப்பேன். அன்றைக்கு என் மச்சினன் ஊரிலிருந்து வந்திருந்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட்டில் இருக்கிறான். சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டவன், "மாமா, தினமும் நாலு சதவீதம்தானா, இல்லை மாறுதா?" என்றான். தினமும் நாலுதான் மாப்ள என்றேன். அவன் கை கழுவக் கூட எழுந்திருக்கவில்லை. "உங்க 100 எம்பிபிஎஸ் லைன்ல செகண்டுக்கு 12 எம்பி, பத்து நிமிஷத்துக்கு 7 ஜிபி சொச்சம், 190-ல அது நாலு சதவீதம். ஐசி சூடாகிப் போறதா இருந்தா ஒரு நாள் பத்துல நிக்கும், ஒரு நாள் முப்பதுல நிக்கும். இது கடிகாரம் வச்ச மாதிரி பத்து நிமிஷத்துல நிக்குது. திரை எத்தனை நிமிஷத்துல அணையுது?"

பத்து நிமிஷம். நானே வைத்தது.

பழைய லேப்டாப்பில் ஸ்லீப்பை, அதாவது மெஷின் தானாகத் தூங்கப் போவதை, யாரோ எப்போதோ 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் திரை மட்டும் அணைந்தது. புதுசில் நான் திரைக்கு மட்டும் பத்து நிமிஷம் வைத்தேன், அதற்குக் கீழேயே ஸ்லீப்புக்கு என்று தனி வரி இருக்கிறது, அதுவும் பத்தில்தான் இருந்தது, அதை நான் பார்க்கவே இல்லை. அது என் தப்புதான். ஆனால் என்னைக் குழப்பியது, இது தூங்குகிற மாதிரியே தெரியாது. பழைய லேப்டாப் தூங்கினால் விசிறி நிற்கும், ஒரு விளக்கு மினுக்கும், எழுப்பினால் சில நொடி எடுக்கும், தூங்கிவிட்டது என்று நமக்குத் தெரியும். புது லேப்டாப்புகள் பலவற்றில் அந்தத் தூக்கமே கிடையாது, அதற்குப் பதில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று ஒன்று. விண்டோஸ் 8 காலத்தில் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று வந்தது, விண்டோஸ் 10-ல் இந்தப் பெயராயிற்று. செல்ஃபோன் மாதிரி திரையை அணைத்துவிட்டு, உள்ளே அரைத்தூக்கத்தில் இருக்கும். மெயில் மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் கண் திறக்கும், நம் அப்லோட் சாஃப்ட்வேர் மாதிரி சாதாரண புரோகிராம்களை அப்படியே உறைய வைத்துவிடும். மவுஸை ஆட்டினால் சட்டென்று திரை வந்துவிடும், அதனால் திரை மட்டும்தான் அணைந்திருந்தது, நெட் தானாக அறுந்திருக்கிறது என்று நாம் நினைப்போம்.

அவன் கமாண்ட் விண்டோவைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று தொடங்கும் ஒரு கமாண்டைப் போட்டான். இந்த மெஷினில் இருப்பது 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தது, அதுதான் மாடர்ன் ஸ்டாண்ட்பையின் இன்னொரு பெயர். அப்புறம் இவென்ட் வியூவர் என்று ஒன்றைத் திறந்தான். விண்டோஸ் எழுதி வைக்கிற டைரி மாதிரி அது. அதில் கெர்னல்-பவர் என்ற தலைப்பில் 506 என்று வந்தால் மெஷின் அரைத்தூக்கத்துக்குப் போயிருக்கிறது, 507 என்று வந்தால் எழுந்திருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் நான் அப்லோட் போட்டுவிட்டு எழுந்த பத்தாவது நிமிஷத்தில் ஒரு 506. காலையில் நான் மவுஸைத் தொட்ட நேரத்தில் ஒரு 507. பழைய டாக்கில் இருந்த நாட்களிலும் அதேதான், 'லேன் ஐசி' மாற்றிய பிறகும் அதேதான், புது டாக்கிலும் அதேதான்.

அதே டைரியில் இன்னொன்றும் இருந்தது. என் லேப்டாப் அவர்கள் கடையில் மூணு நாள் இருந்ததல்லவா, 'ராத்திரி பகலா ஓட விட்டோம்' என்றாரே, அந்த மூணு நாளில் மெஷின் ஆன் ஆனது ரெண்டே தடவை. கொடுத்த அன்று ஒரு பதினோரு நிமிஷம். அப்புறம் நான் வாங்கப் போன அன்று, யூட்யூப் காட்டுவதற்கு. நடுவில் ஒரு வரி கூட இல்லை.

"சரி மாமா, லேன் ஐசி மாத்தினாங்கன்னு சொல்றீங்களே, இதுல லேன் ஜாக் எங்க இருக்கு?" என்றான். லேப்டாப்பைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. லேன் வேலை செய்கிற சில்லு டாக்குக்குள் இருக்கிறது, யூஎஸ்பி வழியாக லேப்டாப்போடு பேசுகிறது. இல்லாத ஐசிக்கு நான் 3,800 கொடுத்திருக்கிறேன்.

சரி செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பீர்கள். செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்ற இடத்தில் 'நெவர்'. மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், சார்ஜரில் இருக்கும்போது 'டூ நத்திங்'. அன்று ராத்திரி 100 சதவீதம் ஏறிவிட்டது. ஆனால் காலையில் ஒரு மண்டபத்திலிருந்து ஃபோன் வழியாக ரிமோட்டில் பார்க்கப் போனால் லேப்டாப் ஆஃப்லைன். அதற்குக் காரணம் வேறு: டிவைஸ் மேனேஜரில் அந்த யூஎஸ்பி லேன் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதை மச்சினன் எடுத்தான். வேலை இல்லாத நேரத்தில் அது லேனையே அணைத்துவிடுகிறது. அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

சில மெஷின் இதற்கும் மசியாதாம். அதற்கு மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிற பவர்டாய்ஸ் என்ற தொகுப்பில் அவேக் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் திரை அணைந்தாலும் மெஷின் முழித்தே இருக்கும். இன்னொரு விஷயம், மானிட்டருக்குள்ளேயே டாக் இருக்கிற மாடல் வைத்திருப்பவர்கள் மானிட்டரின் மெனுவையும் பாருங்கள். சிலவற்றில் மானிட்டர் தூங்கினால் அதன் யூஎஸ்பியும் லேனும் சேர்ந்து தூங்கிவிடும். லேப்டாப்பைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆப்பிள் லேப்டாப்பில் பேட்டரி பகுதியின் ஆப்ஷன்ஸில், சார்ஜரில் இருக்கும்போது திரை அணைந்தாலும் தானாகத் தூங்காதே என்று ஒரு சுவிட்ச் நேரடியாகவே இருக்கிறது. ராத்திரி முழுக்க ஓட விடுகிறவர்கள் மூடியை மூடி மெத்தை மேல் வைக்காதீர்கள், நான் திறந்தே வைக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். கடைக்குப் போய், அந்த 506 வரிசையைப் பிரிண்ட் எடுத்து மேஜை மேல் வைத்து, லேன் ஜாக் எங்கே என்று கேட்டேன். "அது இன்டர்னல் லேன் சார்" என்றார். வாதம் செய்து பயனில்லை என்று தெரிந்து வெளியே வரும்போது பார்க்கிறேன், கண்ணாடி ஷெல்ஃபில் என் பழைய டாக். அடியில் நான் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு அப்படியே இருக்கிறது. விலைச் சீட்டு 4,500.

வெளியே நின்றே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் போட்டேன். தமிழில் பேசினார்கள், புகாரைப் பதிவு செய்து எண் கொடுத்தார்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கைதான். பில் இல்லையே, கேஸ் நிற்காதே என்று பயந்துகொண்டிருந்தேன், யூபிஐ பதிவும் அந்தச் சிட்டையும் இருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலே போடலாம். இதைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினேன், புகார் எண்ணோடு.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். புது டாக்கைத் திருப்பிக் கொடுங்கள், 8,500 தருகிறேன், உங்கள் பழைய டாக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். அந்த 3,800 என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது லேபர் சார்." பணத்தையும் டாக்கையும் வாங்கினேன், புகாரை வாபஸ் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து டாக்கை மாட்டினால் லேப்டாப் 'மெதுவான சார்ஜர்' என்று காட்டுகிறது. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். என் டாக்கோடு வந்த 120 வாட் அடாப்டர் இல்லை, வேறு ஏதோ 65 வாட்டை உள்ளே வைத்து மூடிக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலையில் மறுபடியும் போக வேண்டும்.