நாஷ்வில் 400-க்கு மாற்று ஸ்பீக்கர்: சில ஆண்டுகள் வாசித்த பிறகு

படுக்கையாக வைத்து, தந்திகளின் மேல் உலோகத் தண்டை வழுக்கி, கால் பெடல்களால் சுருதியை மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு ஸ்பீக்கர் மாற்ற நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எது இனிமையாக ஒலிக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி. சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல் முழுதாக அமுங்கியிருக்கும்போது ஒரு கனத்த தந்தியை மீட்டினால் ஸ்பீக்கர் கலங்காமல் நிற்கிறதா? அதற்கு விடை தெரிந்த பிறகு இனிமையைப் பற்றிப் பேசலாம்.

டெக்சாஸில் ஒரு சிறிய வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த கன்ட்ரி நடன இசை) குழுவில் வார இறுதிகளில் வாசிக்கிறேன். மரத்தளம் போட்ட பழைய நடன அரங்குகள், நடுவில் ஜோடிகள் சுற்றிவர, மேடையில் ஃபிடில், டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஓரத்தில் நான். என்னிடம் இருப்பது பீவி நாஷ்வில் 400. 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரில் 210 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். ஸ்டீல் வாசிப்பவர்களை மனத்தில் வைத்தே செய்தது. பழைய சாமானாக வாங்கியபோது உள்ளே இருந்தது அதற்குரிய ஸ்பீக்கர் அல்ல. பெயர்ச்சீட்டு உரிந்துபோன ஏதோ ஒரு 15 அங்குல ஸ்பீக்கரை யாரோ மாட்டியிருந்தார்கள். வீட்டில் வாசித்தபோது குறை தெரியவில்லை. மேடை ஏறியதும் தாழ்ந்த தந்திகளில் ஸ்பீக்கரின் கூம்பு, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி, படபடத்தது.

ஏன் படபடத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் தேர்வு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. சாதாரண கிட்டாரில் மீட்டிய நொடியில் ஒலி உச்சம் தொட்டு, பிறகு தேய்ந்து போகும். ஸ்டீல் வாசிப்பவர் மீட்டும்போது வால்யூம் பெடலைப் பாதியில் வைத்திருப்பார். ஒலி தேயத் தேயக் கால் மெல்ல அமுங்கும். கேட்பவருக்கு ஒலி குறையாமல் நீண்டுகொண்டே போகும். இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கால் முழுதாக அமுங்கியிருக்கும் அந்த நேரத்தில் விரல் அடுத்த தந்தியை மீட்டிவிடும்போது. அந்த மீட்டலின் முழு வேகமும் தடையின்றி ஆம்ப்ளிஃபயருக்குள் பாய்கிறது. இரண்டு வாட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த வாத்தியம் கண் இமைக்கும் நேரத்தில் நூறு வாட் கேட்கும். ராக் கிட்டாருக்காகச் செய்த 12 அங்குல ஸ்பீக்கர்களில் கூம்பு இலேசாகக் கரகரப்பதையே அழகு என்று வடிவமைத்திருப்பார்கள். நமக்கு அந்தக் கரகரப்பு ஆகாது.

தாழ்ந்த ஸ்வரங்களின் கணக்கு தனி. இரண்டு கழுத்து ஸ்டீலில் ஒரு கழுத்தின் தந்திகள் இ9 சுருதியிலும் மற்றதன் தந்திகள் சி6 சுருதியிலும் இருக்கும். இ9 சுருதியில் பத்தாவது தந்தி ஏறத்தாழ 123 ஹெர்ட்ஸ். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதைச் சமாளித்துவிடும். சி6 கழுத்துக்குப் போனால் பத்தாவது தந்தி 65 ஹெர்ட்ஸ். வாத்தியத்தின் எட்டாவது பெடலை மிதித்தால் அது இன்னும் இறங்கி 55-க்கு வந்துவிடும். சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான். வெஸ்டர்ன் ஸ்விங்கில் சி6 இல்லாமல் பிழைப்பு நடக்காது. ஆகவே கிட்டாருக்கு எவ்வளவு பேர்பெற்ற ஸ்பீக்கராக இருந்தாலும், இந்த 55 ஹெர்ட்ஸில் அது என்ன செய்கிறது என்று பார்க்காமல் நான் காசை எடுக்க மாட்டேன்.

அடுத்தது ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போகக் கூடாது, மேலே போகலாம். 4 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் எதுவும் எரியாது. கிடைக்கும் வாட் மட்டும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். காதுக்கு அது பாதியாகத் தெரியாது, சுமார் மூன்று டெசிபல்தான் குறையும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் இந்தச் சலுகை இல்லை. அங்கே வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கேட்கிற ஓமைக் கொடுத்துவிடுவதே நல்லது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆகின்றன. அதைக் கலைக்காதீர்கள்.

பழையவற்றை வாங்கும்போது பின்னால் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் நேர்மின்னோட்டத்தில் மூன்றரைக்குச் சற்று முன்பின் காட்டும். 8 ஓம் என்றால் ஆறை ஒட்டிக் காட்டும். பிறகு இரு கை விரல்களையும் நடுத் தொப்பியைச் சுற்றிப் பரவலாக வைத்து, கூம்பை மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். உரசல் ஓசை கேட்டால் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) காந்தத்தில் தேய்கிறது என்று பொருள். விற்பவர் எவ்வளவு தேனொழுகப் பேசினாலும் அந்த உரசல் பேசிச் சரியாகாது.

என் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஜேபிஎல். ஸ்டீல் வாசிப்பவர்களிடையே இந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி மாளாது. டி130, கே130, இ130 என்று தலைமுறைகள் உண்டு. நான்கு அங்குல வாய்ஸ் காயில், நடுவில் அலுமினியத் தொப்பி. உலோக நகங்களால் மீட்டும்போது அந்தத் தொப்பியிலிருந்து வரும் மினுமினுப்புக்கு இணை இல்லை. இ130-ஐ நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சில வாரங்கள் வாசித்தேன். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 105 டெசிபல் தரும் ஸ்பீக்கர் அது. 99 டெசிபல் தரும் ஒன்று அதே சத்தத்தை எட்ட வேண்டுமானால் நான்கு மடங்கு வாட் தேவை. நண்பருடையது 8 ஓம். ஆம்ப்ளிஃபயரின் வாட் குறைந்தும் சத்தம் கூடியது இதனால்தான். வாட் எண்ணை மட்டும் பார்த்து ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இந்த டெசிபல் எண்ணையும் ஒருமுறை பார்க்கலாம்.

பிறகு ஏன் அதையே வாங்கவில்லை? மேல் தந்திகளில் பதினைந்தாம் கட்டைத் தாண்டினால் ஒலி ஊசிபோல் காதில் ஏறியது. சி6-ன் அடித்தந்தி கலங்கவில்லை, ஆனால் வற்றலாக இருந்தது. பேஸ் வாசிப்பவர் இல்லாத இடங்களில் அந்த வற்றல் உறைக்கும். தவிர, சந்தையில் கிடைப்பவற்றில் பல கூம்பு மாற்றப்பட்டவை. எந்தக் கூம்பைப் போட்டார்கள் என்று தெரியாமல் ஜேபிஎல் விலை கொடுப்பது பெயருக்குக் கொடுக்கிற விலைதான். கனமும் இடுப்பை ஒடிக்கும்.

இரண்டாவது, பீவியின் பிளாக் விடோ. நாஷ்வில் 400-ன் சொந்த ஸ்பீக்கர் இதுதான். இதற்கும் நான்கு அங்குல வாய்ஸ் காயில். வார்ப்பு அலுமினியச் சட்டம். சிறப்பு என்னவென்றால் கூம்பும் காயிலும் சேர்ந்த பாஸ்கெட்டைக் காந்தத்திலிருந்து கழற்றி, வீட்டிலேயே புதியதை மாட்டிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வடிவமைப்பில் இவ்வளவு நல்லெண்ணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடித்தந்தியில் கோட்டைச் சுவர். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை என்பது முதல் ஸ்வரத்திலேயே தெரியும். முதுகு ஒத்துழைத்தால் நான் இதைத்தான் வைத்திருப்பேன். வாங்குபவர்கள் பாஸ்கெட் எங்கே கிடைக்கிறது, என்ன விலை என்பதை முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு பேரத்துக்குப் போவது நல்லது.

மூன்றாவது, எமினென்ஸ் இபிஎஸ்-15சி. ஸ்டீல் கிட்டாருக்கென்றே செய்த 15 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர். 4 ஓம், 300 வாட். நியோடிமியம் சிறிய அளவிலேயே மிகுந்த காந்த வலிமை தருவதால் பெரிய ஃபெரைட் காந்த வட்டு தேவையில்லை. கனம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதைத்தான் மாட்டினேன், இன்றுவரை இதில்தான் வாசிக்கிறேன்.

மாட்டியபோது சட்டத்தின் திருகாணிகளை ஒன்றுவிட்டு ஒன்று, எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்கினேன். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் சட்டம் கோணி, புதிய ஸ்பீக்கரிலும் காயில் உரசத் தொடங்கும். கம்பி முனைகளில் நேர், எதிர் எது என்று ஒற்றை ஸ்பீக்கருக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கு மட்டும் இது முக்கியம். பழைய ஜேபிஎல்களில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும். மற்றவற்றில் வெளியே வரும். கலந்து மாட்டினால் ஒன்று தள்ள மற்றொன்று இழுத்து, அடி ஸ்வரங்கள் மாயமாகிவிடும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் கூம்பு போகும் திசை கண்ணுக்கே தெரியும்.

முதல் சில மாதங்கள் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒலி சுத்தம், ஆனால் மேல்பகுதியில் ஒரு விறைப்பு. சித்ரவீணை கேட்டு வளர்ந்த காது என்னுடையது; வழுக்கிச் செல்லும் ஸ்வரத்தில் சிறு உலோகச் சாயல் தட்டினாலும் முகம் சுளிக்கும். டிரெபிளைக் குறைத்தேன். நாஷ்வில் 400-ல் நடு ஒலியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நகர்த்திவைக்க ஷிஃப்ட் என்ற குமிழ் உண்டு. 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து வெட்டுவது பலரின் வழக்கம். நான் அதைச் சற்று மேலே நகர்த்தியதும் மூக்கால் பேசுவது போன்ற தொனி மறைந்தது. வாசிக்க வாசிக்கக் கூம்பின் விளிம்பும் இளகியது. புது ஸ்பீக்கரை முதல் வாரத்திலேயே திட்டித் திருப்பி அனுப்புபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஆனால் கூம்பு இளகினாலும் பிளாக் விடோவின் அந்த அடர்த்தி முழுதாக வந்துவிடவில்லை. இ9-ல் ஐந்து, ஆறு, எட்டாம் தந்திகளைச் சேர்த்து மீட்டி, முதல் இரண்டு பெடல்களையும் மிதித்துப் பிடித்தால், பிளாக் விடோவில் அந்த மூன்று ஸ்வரமும் ஒரே பாகாக இறங்கும். எமினென்ஸில் மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். மெல்லிசைப் பாடல்களில் முதலாவதற்கு ஏங்குகிறேன். வேகமான ஸ்விங்கில் இரண்டாவதுதான் உதவுகிறது. ஃபிடிலும் கிட்டாரும் ஒரே நேரத்தில் பாயும்போது என் பங்கு கரைந்து போகாமல் நிற்க அந்தத் தெளிவு வேண்டியிருக்கிறது.

படபடப்பு அறவே போய்விட்டது. சி6-ல் எட்டாவது பெடலை மிதித்து, வால்யூம் பெடலையும் அடிவரை அழுத்தி, பத்தாவது தந்தியைக் கட்டைவிரலால் ஓங்கி மீட்டினால், அரங்கின் மரத்தளம் அதிர்கிறதே தவிர ஸ்பீக்கர் முனகுவதில்லை. இதற்காகவே கொடுத்த காசு தகும்.

எதிர்பாராத இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் இலேசானதும் பெட்டி தலைக்கனம் பிடித்துவிட்டது. மின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சேசிஸ் மேலே இருக்கிறது. கீழே அதை ஈடுகட்டிய கனம் போய்விட்டது. தள்ளுவண்டியில் சரிவுப் பாதையில் இறக்கும்போது முன்பைவிடக் கவனம் தேவைப்படுகிறது. நாடா போட்டுக் கட்டுகிறேன். இரண்டாவது, ஓராண்டு கழித்து 110 ஹெர்ட்ஸ் ஏ ஸ்வரத்தில் மட்டும் ஒரு ரீங்காரம் கேட்டது. காயில் போய்விட்டதோ என்று நெஞ்சு பதறியது. அந்த ஸ்வரத்தையே ஒருவரைத் திரும்பத் திரும்ப மீட்டச் சொல்லி, பின்னாலிருந்து ஒவ்வொரு திருகாணியாக விரலால் அழுத்திப் பார்த்தேன். கீழே இடப்பக்கத்துத் திருகாணியைத் தொட்டதும் ரீங்காரம் நின்றது. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள மெத்தைப் பட்டை நாளடைவில் அமுங்கி, திருகாணி தளர்ந்திருந்தது. இப்போது தந்திகளை மாற்றும்போதெல்லாம் அவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன்.

நியோடிமியம் சூடு தாங்காது என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. ஃபெரைட்டோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். மேடை வாசிப்பில் எனக்கு அதனால் எந்தக் குறையும் தெரியவில்லை. இருந்தாலும் டெக்சாஸ் கோடையில் ஆம்ப்ளிஃபயரைக் காரின் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதில்லை. அந்த வெயிலில் கூம்பை ஒட்டியிருக்கும் பசைக்கும் ஆபத்துதான்.

ஒரு அரங்கில் உட்கார்ந்தபடி இ9 மட்டும் வாசித்து, ஆம்ப்ளிஃபயரை அங்கேயே வைத்துவிட்டு வருபவராக இருந்தால், நல்ல நிலையிலுள்ள பிளாக் விடோவைத் தேடுங்கள். விலையும் கையைக் கடிக்காது. ஒலிப்பதிவு அறையில் அந்தப் பழைய மினுமினுப்புத்தான் வேண்டுமென்றால் மூலக் கூம்புள்ள ஜேபிஎல். இரண்டு கழுத்து ஸ்டீல், இருக்கை, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் தானே தூக்கி ஏற்றுபவருக்கு நியோடிமியம். எதை வாங்கினாலும் உங்கள் வால்யூம் பெடலையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒருமுறை அடிவரை மிதித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.