பழைய வீடியோ கேம் சேனல்கள்: எது யாருக்கு?

போகிக்குப் பரண் ஒழித்தபோது பழைய டிவி கேம் கிடைத்தது. தொண்ணூறுகளில் அப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கித் தந்தது. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி செய்த ஃபேமிகாம் என்ற டிவி கேமைப் பார்த்துச் செய்த நகல். கூடவே ஒரு மஞ்சள் கேசட். மேலே ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும், உள்ளே தேறுவது ஏழெட்டு கேம்தான். அம்மா தூக்கிப் போடச் சொன்னார், நானும் அண்ணனும் விடவில்லை. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கேம் பற்றிய யூடியூப் சேனல்களாகப் பார்த்துத் தள்ளுகிறோம். எது ஒசத்தி என்ற சண்டையும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அண்ணனின் ஓட்டு ‘ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்’டுக்கு. 2004இல் கேசில்வேனியா என்ற பழைய கேமின் இரண்டாம் பாகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு ஜேம்ஸ் ரோல்ஃப் எடுத்த வீடியோதான் இதற்குப் பிள்ளையார் சுழி. வெள்ளைச் சட்டை, பையில் பேனாக்கள், கையில் பீர். படுமோசமான ஒரு கேமை எடுத்துக்கொண்டு, தொண்டை கிழியத் திட்டிக்கொண்டே ஆடுவார். சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அம்மா ஹாலில் இருந்தால் போட முடியாது. ஒரே மூச்சில் நாலு பார்த்தால் எனக்குத் தலைவலி வருகிறது.

‘கேமிங் ஹிஸ்டாரியன்’ இதற்கு நேர் எதிர். நார்மன் கருசோ குரலை உயர்த்துவதே இல்லை. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேமின் கதையை மட்டும் சுமார் ஒரு மணி நேரம் சொல்கிறார். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எலக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் அதை எழுதினார். அப்புறம் யாருக்கு எந்த உரிமை என்று பெரிய இழுபறி. கணினிக்கு ஓர் உரிமை, வீட்டு டிவியில் ஆடுவதற்கு ஓர் உரிமை, கையடக்கக் கருவிக்கு இன்னொன்று. கடைசியில் 1989இல் கேம் வியாபாரி ஹென்க் ரோஜர்ஸ் மாஸ்கோவுக்கே நேரில் போய் நிற்கிறார். வாழ்நாளில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாத அப்பா இதை எழுந்திருக்காமல் பார்த்தார். “கீழ் போர்ஷன் ஒருத்தனுக்கு, மாடி ஒருத்தனுக்கு, மொட்டை மாடி இன்னொருத்தனுக்குன்னு எழுதி வெச்ச மாதிரி இருக்கேடா” என்றார். குடும்பத்தோடு பார்க்க இதற்கு மேல் ஒரு சேனல் கிடையாது.

இரண்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. இவர்கள் கதையில் நாம் இல்லை. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துப்போனதை ஏதோ உலகமே அழிந்த மாதிரி பேசுவார்கள். இங்கே படுப்பதற்கு அப்போது என்ன இருந்தது? அவர்கள் ஊர் நின்டெண்டோவில் கேசட்டை முன்பக்கம் நுழைக்க வேண்டும், அதைத் தொடும் உலோக முனைகள் 72 (பின் என்பார்கள்). நம்முடையது ஃபேமிகாம் வழியில் மேலே சொருகுவது, 60 பின். பாட்டுகூட வேறு. யூடியூபில் காண்ட்ரா என்ற கேமின் முதல் லெவல் இசையைக் கேட்டபோது யாரோ வேகமாக ஓட விட்டதாகவே நினைத்தேன். நம் ஊர் டிவி ‘பால்’ (PAL) முறை, விநாடிக்கு 50 படம். அமெரிக்காவில் 60. பழைய கேம்களின் இசை திரையின் தாளத்துக்குத்தான் நகரும். ஆக நான் சின்ன வயதில் கேட்டதுதான் மெதுவானது.

இந்த மாதிரி ‘ஏன்’ என்ற கேள்விக்குத்தான் என் ஓட்டு: ‘ரெட்ரோ கேம் மெக்கானிக்ஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’. முகம் கிடையாது, கூச்சல் கிடையாது. திரையில் எண்கள் நகரும், ஒரு குரல் நிதானமாக விளக்கும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷினில், புள்ளிகளைத் தின்றபடி ஓடும் பாக்-மேன் கேமின் 256ஆவது லெவலில் வலது பாதித் திரை ஏன் குப்பையாகிறது என்ற வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். லெவல் எண்ணை வைக்க ஒரே ஒரு பைட், அதில் 255 வரைதான் எண்ண முடியும், தாண்டினால் பூஜ்யம். கீழே பழம் வரைகிற பகுதி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக் குழம்பி, ஏழு பழத்தோடு நிற்க வேண்டியது 256 பழம் வரையப் போகிறது. லெவல் முடிய 244 புள்ளி தின்ன வேண்டும். பாதித் திரை போனபின் அவ்வளவு புள்ளிக்கு எங்கே போவது? தூக்கம் வராத ராத்திரிக்கு ஏற்ற சேனல் என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அவனும் நானும் ஒத்துப்போகிற ஒரே இடம் ‘சம்மனிங் சால்ட்’. ஒரு கேமை மிக வேகமாக முடித்த சாதனை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைக் கிரிக்கெட் கடைசி ஓவர் மாதிரி சொல்வார். சூப்பர் மரியோவில் லெவலை முடித்ததும் அடுத்தது உடனே திறக்காது. 21 பிரேமுக்கு (திரையில் ஓடும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) ஒரு தடவைதான் திறக்கும், அதாவது 0.35 விநாடிக்கு ஒரு தடவை. இப்படி வேகமாக முடிக்கவே ஆடும் ஸ்பீட்ரன் ஆட்கள் இதற்கு பஸ் உதாரணம்தான் சொல்வார்கள். ஒரு பிரேம் தாமதமாக வந்தாலும் பஸ் போய்விடும், அடுத்ததற்கு நிற்க வேண்டும். 21ஜி பஸ்ஸுக்குக் காத்து நின்ற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. விளக்கத்தின் ஆழத்தில் இது என் சேனலுக்குக் கொஞ்சம் கீழே. கதை சொல்வதில் மேலே.

பார்ப்பதற்கு இவை போதும். ஆடவும் ஆசை வந்தால், பழைய செட்டைப் புது டிவியில் இணைப்பது பற்றிப் பேசும் ‘மை லைஃப் இன் கேமிங்’ பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் பார்க்காமல் ஒரு கடையில் மலிவாக, பழைய செட்டின் ஏவி வயரைப் புது டிவியின் எச்டிஎம்ஐ ஆக்கும் டப்பா வாங்கினோம். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் மரியோ குதித்தான், அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பான். ஓட்டினால் உருவத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. பழைய செட் அனுப்புவது 240 வரிப் படம். மலிவு டப்பாக்கள் அதை 480 வரியின் பாதி என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இல்லாத மீதியோடு ஒட்டவைக்கப் பார்க்கும். அதில்தான் நேரமும் போகும், கோடும் விழும். சேனல்காரர்கள் சொல்லும் ரெட்ரோடிங்க் போன்ற நல்ல கருவிகளின் விலையைப் பார்த்துவிட்டு அண்ணன் மெதுவாகப் போனைக் கீழே வைத்தான்.

மாடி வீட்டில் சும்மா கிடந்த பிக்சர் டியூப் டிவியைக் கேட்டு வாங்கினோம். மரியோ சொன்னபடி குதித்தான். வாத்து சுடும் துப்பாக்கியும் வேலை செய்தது. டியூபில் வெளிச்சம் வரும் நேரத்தை நம்பிச் செய்த சாமான் அது, எல்இடி டிவியில் எத்தனை சுட்டாலும் வாத்து விழாது. இரண்டு மாடி அந்த டிவியைத் தனி ஆளாகத் தூக்கி வந்தது அண்ணன் என்பதால், அன்று ராத்திரி அவன் சேனலைத்தான் பார்த்தோம். சத்தத்தைக் குறைத்து வைத்து.