எச்61-க்கும் எச்610-க்கும் ஒரு சைபர்தான் வித்தியாசம்: கேமிங் பிசி வாங்குவோர் கவனத்துக்கு

கொட்டேஷனில் ப்ராசஸர் பெயர் பெரிதாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். நடுவில் ஒரு வரி: "எச் சீரிஸ் கேமிங் மதர்போர்டு". கம்பெனி பெயர் கிடையாது, மாடல் எண் கிடையாது. பட்ஜெட்டில் பிசி வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் ஏமாற்று வேலை பெரும்பாலும் இந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது.

படுமோசமான வகை, "ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட்" என்று வரும் பேக்கேஜ். ஐ5-க்குப் பின்னால் எண் இல்லையென்றாலே உஷாராகிவிடுங்கள். உள்ளே இருப்பது அனேகமாக எச்61 அல்லது எச்81 போர்டு. எச்61 என்பது போர்டின் பாகங்களை ஒருங்கிணைக்கும் இன்டெல் சிப்செட்; 2011-இல் வந்தது. 1155 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்), இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசஸர்கள் மட்டுமே பொருந்தும். எச்610 வந்தது 2022-இல். பழைய சிப்செட்டை வைத்துப் புதிதாக அடித்து, கறுப்பு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டி, சீல் போட்ட பெட்டியில் தருகிறார்கள். "புதுசு சார், ஒரு வருஷ வாரண்டி" என்பது பொய்யில்லை. போர்டு புதுசுதான், அதிலுள்ள தொழில்நுட்பம்தான் கிழடு.

இதனால் வரும் தொல்லை என்ன? டிடிஆர்3 ரேம் மட்டும், அதிகபட்சம் 16 ஜிபி. இரண்டாம் தலைமுறை ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் கார்டு இணையும் பிசிஐஇ ஸ்லாட் பழைய 2.0 வேகத்தைத் தாண்டாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு கிடையாது; அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம் திறக்கவே திறக்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, எனவே விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதியில்லை. எப்படியோ குறுக்குவழியில் 11-ஐ ஏற்றிக் கொடுத்தால் வாலரண்ட் கேம் டிபிஎம்மும், பிசி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் கேட்டு நின்றுவிடும். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பின்னால் அப்கிரேடு செய்யலாம் என்றால் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டும்.

சரி, உண்மையான எச்610 கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஐ5 12400எஃப்-க்கு அது போதும். ஆனால் அந்த ப்ராசஸர் 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் டர்போவில் 117 வாட் வரை இழுக்கும். விலை குறைந்த எச்610 போர்டுகளில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதிக்கு ஹீட்சிங்கே இருக்காது. நம் ஊர் மே மாதத்தில், மூடிய கேபினெட்டுக்குள் ஒரு மணி நேரம் ஆடினால் விஆர்எம் சூடேறி ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டைக் குறை சொல்லி இன்னொரு செலவு வைப்பார். இதே போர்டில் ஐ7 12700-ஐ மாட்டித் தருகிறவரும் உண்டு. அது 180 வாட். அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, எச்610-இல் டிடிஆர்4 ரேம் வேகம் 3200-ஐத் தாண்டாது. 3600 ரேமுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்.

இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் வேறு மாதிரி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கே லேன்தான் (தரவு போகும் பாதை). பிசிஐஇ 4.0-இல் விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி போகும்; ஏ520, பி450 போர்டுகள் 3.0 என்பதால் அது பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். இதைச் சொல்லியே சிலர் பி550-ஐ விற்கிறார்கள், ஆனால் கூடவே தருவது ரைசன் 5 5500 அல்லது 5600ஜி. அந்த இரண்டு ப்ராசஸரும் 3.0 மட்டுமே. போர்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தால் இந்தக் கார்டின் வேகம் ஒரு துளிகூட அதிகரிக்காது. 4.0 வேண்டுமென்றால் ரைசன் 5 5600-உம் பி550-உம் சேர்ந்து இருக்க வேண்டும். எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600 என்றால் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது, பி450-யே போதும்.

கிடங்கில் வெகுநாள் கிடந்த பி450-இல் ரைசன் 5000 வரிசையை மாட்டினால் திரையே வராது, பயாஸ் (போர்டைத் தொடக்கும் மென்பொருள்) பழசு. ப்ராசஸர் செத்துவிட்டது என்று நம்பி மாற்றிவிடாதீர்கள். பயாஸை அப்டேட் செய்யும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் ஒன்றே போதும். இல்லையென்றால் பழைய ப்ராசஸர் ஒன்றைப் போட்டு அப்டேட் செய்ய வேண்டும், அது விற்றவர் வேலை. வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

போர்டுப் பெட்டியை கவுண்டரிலேயே திறக்கச் சொல்லுங்கள். இன்டெல் என்றால் சாக்கெட் மூடியை எடுத்து போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் வெளிச்சத்தில் வரிசை கலைந்து தெரியும். வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வளைந்த பின்னுக்கு வாரண்டி தரமாட்டார்கள். மூடியைப் பத்திரமாக வையுங்கள். பெட்டியிலும் போர்டிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். போர்டு ஓரத்தில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் ரிவிஷன் மாறும்போது பாகங்களும் மாறியிருக்கலாம்.

பிசியை அசெம்பிள் செய்த பிறகு, மீதிப் பணம் கொடுக்கும் முன், சிபியு-இசட் என்ற மென்பொருளை ஓட்டுங்கள். மெயின்போர்டு பக்கத்தில் மாடலும் சிப்செட்டும் வரும். மெமரி பக்கத்தில் ரேம் வேகம் பாதியாகக் காட்டும்: 3200-க்கு 1600 வர வேண்டும். 1066 அல்லது 1333 என்றால் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போடவில்லை. டூயல் சேனல் (இரண்டு ரேம் ஒன்றாக வேலை செய்வது) என்று இல்லையென்றால் ஒற்றை ரேம் தந்திருக்கிறார்கள், அல்லது தவறான ஸ்லாட்டில் குத்தியிருக்கிறார்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேம் இருக்க வேண்டும்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்" என்பார்கள். குறையும்தான், வாரண்டியும் கூடவே போய்விடும். ஜிஎஸ்டி பில்லில் கம்பெனி, மாடல், சீரியல் எண் மூன்றும் இருக்கட்டும். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம். பில்லில் வெறும் "மதர்போர்டு - 1" என்று இருந்தால், எச்610 என்று சொல்லி எச்61 கொடுத்தார்கள் என்பதைக் காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது.