இலை அள்ள முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இலை அள்ள ஆள் தேடுவோர், முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி வழியாக வந்தவரிடம் 380 டொலரை இழந்த ஆத்திரம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

எங்கள் முற்றத்தில் நிற்பது நோர்வே மேப்பிள். மற்ற மரங்கள் மொட்டையான பின்னரும் நவம்பர்வரை இலையைப் பிடித்துவைத்திருந்து கொட்டும். ஆகவே ஒக்ரோபர் இறுதியில் ஒரு முறை, மரம் முழுவதும் உதிர்ந்த பின் இன்னொரு முறை என்று பேசினோம். வந்தவர் முழந்தாளிட்டு, ஈர இலைகளை விலக்கி, அடியில் மஞ்சளாகிக் கிடந்த புல்லைக் காட்டி, இப்படியே பனிக்குள் விட்டால் வசந்தத்தில் பூஞ்சை பிடித்துப் புல் வட்டம் வட்டமாகச் செத்துவிடும் என்றார். இலைகளில் இருந்த கரும்புள்ளி நோயையும் அவரே கண்டு, வளவுக்குள் விட்டால் அடுத்த ஆண்டின் தளிருக்கும் அதிலிருந்தே தொற்றும் என்றார். சொன்னது அத்தனையும் சரி. “அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, கடைசி இலை விழும்மட்டும் எங்கட பொறுப்பு” என்றபோது என் மனைவி தேநீர் ஊற்ற உள்ளே போய்விட்டார். செயலியில் கட்டினால் தரகு பிடிப்பார்கள் என்று வந்தவர் கேட்டதற்கிணங்க, 380 டொலரையும் வாசலில் நின்றே ஈ-ட்ரான்ஸ்பரில், அதாவது வங்கிவழி இணையப் பணமாற்றத்தில், அனுப்பினேன்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பையன்கள் வந்து, பாதி இலையை ஊதும் இயந்திரத்தால் பின்வேலியோரம் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து வீதியோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ரொறன்ரோ மாநகரசபை தோட்டக் கழிவைக் கடதாசிப் பையிலோ திறந்த தொட்டியிலோ இருந்தால்தான் எடுக்கும். லொறி பைகளைத் தொடாமலே சென்றது. அவற்றை அவிழ்த்துக் கொட்டியபோது, புளித்து நாறிய இலைகளோடு, வேரோடு பிய்ந்த எங்கள் புல்லும் வந்து விழுந்தது. வேலியோரக் குவியல் அடுத்த காற்றிலேயே புற்தரைக்குத் திரும்பிவிட்டது.

பணம் வாங்கியவரைத் தொலைபேசியில் கேட்டால் முதலில் மழை என்றார். பிறகு வான் பழுது என்றார். பிறகு எடுக்கவே இல்லை. இரண்டாம் முறைக்கு ஒருவரும் வரவில்லை, பனி வந்துவிட்டது. செயலிக்காரரோ, பணம் தங்கள் வழியாகச் செல்லவில்லை, தாங்கள் ஆளை அறிமுகப்படுத்துபவர்கள் மட்டுமே என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அந்த ஆளின் படமும் ஐந்து நட்சத்திரமும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. 380 டொலர் போனது போனதுதான். பெறுபவரின் கணக்கில் விழுந்த ஈ-ட்ரான்ஸ்பரை மீளப்பெற வழியில்லை என்று வங்கியும் கையை விரித்துவிட்டது.

வேலை முடிந்த பின், அந்த முறைக்குரிய பணத்தை மட்டும் கொடுங்கள். இலை எந்தப் பையில் போகும், வளவை விட்டு யார் அகற்றுவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் வைத்துச் செய்யும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டம் இடமளிக்கிறது. எழுதித்தர மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.